ரீட்டாவின் இடது கண்

என் மனைவி ரீட்டாவுக்குக் கண் பெரிது. கல்யாண மேடையில் கைகொடுக்க வந்த என் கூட்டாளிகள், "என்னடா ஆண்ட்ரூஸ், பொண்ணுக்கு மூஞ்சியில பாதி கண்ணாவே இருக்கு" என்று காதோடு சொல்லிவிட்டு இறங்கினார்கள். புதுக்கோட்டையில் மின்வாரிய வயர்மேன் வேலை எனக்கு. கம்பத்தில் ஏறி இறங்குகிறவனுக்கு இப்படி ஒரு கண்ணழகி வாய்த்தாளே என்று கொஞ்ச நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். அந்த அழகே ஒரு வியாதி விட்டுப்போன மிச்சம் என்று எனக்குத் தெரியவர நாலு வருஷம் ஆனது. அதற்குள், அவளுக்கு உருப்படியாக இருந்த ஒரே கண்ணான இடது கண்ணும் போகிற நிலைக்கு வந்துவிட்டது. அந்தக் கண்ணை இழக்கப் பார்த்ததையும் பிடித்து நிறுத்தியதையும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். எழுதும்போதும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீட்டா பிறந்தது ஆவூர்ப் பக்கம், தொண்ணூற்றைந்தில். அப்பா பங்கிராஸ், நெல்லும் கடலையும் போடுகிற விவசாயி. அம்மா செல்வராணி. இருவரும் அத்தை மகன், மாமன் மகள். நெருங்கிய உறவு என்பதால் சாமியாரிடம் விலக்கு வாங்கித்தான் கோயிலில் தாலி கட்டினார்கள். முதல் பிள்ளை ரீட்டா. மூன்றாம் மாதத்திலிருந்தே பிள்ளைக்குக் கண் பெரிதாக ஆரம்பித்தது. கருவிழி அகன்று, லேசாக நீலம் பாய்ந்து, எந்நேரமும் ஈரத்தில் பளபளக்குமாம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் வாங்கிக் கொஞ்சினார்கள். வெயிலில் தூக்கிப்போனால் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "வெயில் தாங்காத ராசாத்தி" என்றார்கள். கண்ணில் தண்ணீர் வடிந்தால், எவள் கண்ணோ பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் திருஷ்டிக்கு மதம் கிடையாது. வியாதிக்குப் போய் ஓர் ஊரே திருஷ்டி கழித்தது.

இதில் உச்சம், விராலிமலை ஸ்டுடியோக்காரர் செய்ததுதான். முதல் பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, கடை முகப்பில் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். விளம்பரமாம். இரண்டு மாதம் அது அங்கே தொங்கியது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த ஒரு நர்ஸ் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளை எந்த ஊரு? ஒடனே கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க. இது அழகு இல்லங்க" என்று சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோக்காரர் அன்றே கடையைச் சாத்திவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆவூர் வரை வந்து தகவல் சொன்னார். எனக்கு அவர் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று அவ்வப்போது வேண்டிக்கொள்வேன்.

மதுரைக் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் ரீட்டாவின் அப்பா அம்மாவுக்கு விளக்கியதை, அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறியது வடிய ஒரு வழி இருக்கும். சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அந்த வழி சரியாக அமைவதில்லை. நீர் தேங்கி அழுத்தம் ஏறும். குழந்தையின் கண் சுவர் இளசு என்பதால் பலூன் மாதிரி விரிந்துகொடுக்கும், அதனால்தான் கண் பெரிதாவது. பின்னால் இருக்கிற பார்வை நரம்பு அந்த அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நசிந்துபோகும். பெரியவர்களுக்கு வந்தால் குளுக்கோமா என்கிறோமே, அதேதான், பிள்ளைகளுக்கு வருகிற வகை. என் தொழில் பாஷையில் சொன்னால், அந்த நரம்பு கருகினால் வேறு வயர் இழுக்க முடியாது.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்து நீர் வடிய வழி உண்டாக்கினார்கள். வலது கண்ணுக்கு அது தாமதம். வெளிச்சமும் ஆள் அசைவும் தெரியும், அவ்வளவுதான். இடது கண் பிழைத்துக்கொண்டது. கனமான கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோக்கலாம். ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் செல்வராணியை உட்காரவைத்துச் சொன்னாராம்.

"ஆபரேஷன்தாம்மா முடிஞ்சிருக்கு, வியாதி முடியல. இப்ப போட்ட வழி பத்து வருஷம், இருபது வருஷம் கழிச்சு எப்ப வேணாலும் அடைச்சுக்கலாம். வலிக்காது, செவக்காது, அவளுக்கே தெரியாது. நாங்க பாத்தாத்தான் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ஆயுசு பூராக் கூட்டிட்டு வரணும்."

செல்வராணி கூட்டிப்போனார். இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அந்த அம்மாளை நான் ஏகத்துக்குத் திட்டியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதுவரை ஒரு தவணை தப்பவில்லை. விடிகாலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு விராலிமலையில் மதுரை பஸ் ஏறுவார்கள். ரீட்டாவுக்கு அது டூர். நெற்றியை ஒரு மிஷினில் ஒட்டிவைத்து, உள்ளே எங்கெங்கோ மினுக்குகிற புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்குகிற பரிசோதனை ஒன்று உண்டு. பார்வை எவ்வளவு அகலத்துக்கு இருக்கிறது என்று பார்ப்பது. வெளிச்சம் வராதபோதும் உத்தேசமாக அமுக்கிவிட்டு நர்ஸிடம் திட்டு வாங்குவாளாம். "எனக்கு எல்லாமே தெரியணும்னு ஆசை" என்பாள், கேட்டால்.

பி.காம். முடித்து, டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். திங்கட்கிழமை மனு நாள். பட்டா மாறவில்லை, பென்ஷன் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று ஜனம் வரிசையில் நின்று அழும். இவள் ஸ்கிரீனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அழுகையை வடிகட்டி ஒரு பக்கத்தில் அடித்துக் கொடுத்துவிடுவாள். "மூக்கச் சிந்திட்டுச் சொல்லுங்க பெரியம்மா, மொதல்ல சர்வே நம்பர்" என்பாள். ஊரார் குறையை எல்லாம் அச்சில் ஏற்றியவள், தன் குறையை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். தரகர் மூலம் அமைந்த சம்பந்தம். இரண்டாயிரத்துப் பதினெட்டு தைக் கடைசியில் பெண் பார்க்கப் போனோம். ரீட்டாவின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி பைலும் அங்கேயே போனது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஐந்தடிக்கு அப்பால் எல்லாமே மூடுபனி. காபித் தட்டோடு வந்தவள், கூடத்தில் உட்கார்ந்திருந்த ஏழெட்டு உருவங்களில் மாப்பிள்ளை எது என்று பிடிபடாமல், நேரே என் சித்தப்பாவிடம் போய் நீட்டினாள். நரைத்த மீசையும் தொப்பையுமாக இருக்கிறவர் அவர். என் அம்மா அருளம்மாள் பூரித்துப்போனார். "மொதல்ல பெரியவங்களுக்குக் குடுக்குது பாரு, மரியாதை தெரிஞ்ச புள்ளை" என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். எங்கள் கல்யாணத்தில் ஒரே ஒரு பொய்தான், ஆனால் ஆயிரத்துக்குச் சமம்.

அடுத்தது ஓலை. எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இவர்களுக்குள் ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடியும். வழக்கமாக யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. தன் பெயர் வந்தால் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரிப்பார்கள். ரீட்டா மட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். தடை என்றால் தன் கண் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. இரண்டாம் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் சாமியார் அறைக்குப் போய் நின்றாள்.

"சாமி, எனக்கு ஒரு தடை இருக்கு."

அவர் பதறிப்போய் என்னவென்று விசாரித்திருக்கிறார். இவள் விஷயத்தைச் சொன்னதும், "அடி அசடே, தடைன்னா ஏற்கெனவே கல்யாணம் ஆனது, கிட்டின ஒறவு, அந்த மாதிரி. கண்ணாபரேஷன் எல்லாம் தடையில வராது" என்று சிரித்துவிட்டு, "ஆனா மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிரு. அது கோயில் சட்டம் இல்ல, ஒனக்கும் அவனுக்கும் நல்லது" என்றாராம்.

அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தாள். அந்தப் போன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் கண்ணு இருக்குல்ல..."

"அட, நானே அதப் பத்தித்தான் பேசணும்னு இருந்தேன்" என்றேன் நான்.

அப்புறம் ஒரு கால் மணி நேரம் அவள் கண்ணைப் பற்றி நான் பேசினேன். மீன், மான், நிலா என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து விட்டேன். அவள் எவ்வளவோ தடவை "இல்லங்க, வந்து" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மடையன் இந்த ஜில்லாவில் அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். கடைசியில் "ஒண்ணும் இல்லங்க, சாப்டீங்களா" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் திருக்கோகர்ணத்தில் வீடு எடுத்திருந்தோம். ரசத்தில் சர்க்கரை விழுந்தது. வாசலில் என் தம்பி நின்றால் நான் என்று நினைத்துச் சிரித்தாள். வலது பக்கமாக எதை நீட்டினாலும் தட்டிவிட்டாள். "கண்ணு பெருசு, பார்வை சிறுசு" என்று கேலி செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூன்றாம் மாதம், தலைவலிக்கிறது என்று சொல்லி என்னோடு கீழராஜவீதிக்கு வந்து, கடையில் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டாள். கண்ணாடி மாட்டியதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பரவால்ல, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள். நான் கேலி என்று நினைத்தேன். என் முகத்தை அவள் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். கடைக்காரர், "மேடத்துக்கு ஒரு கண்ணுல பவரே நிக்கல, டாக்டர்ட்ட காட்டிருங்க சார்" என்றார். ஆள் பிடிக்கப் பார்க்கிறான் என்று சொல்லி நான்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

மதுரைக்குப் போவது கல்யாணத்தோடு நின்றது. போனால் ஏன் என்று நான் கேட்பேனே. ஆஸ்பத்திரியிலிருந்து செல்வராணி நம்பருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. அவரும் "வாரோம் சார், வாரோம்" என்று சொல்லியே ஓட்டினார். ரீட்டாவுக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை. இடது கண்ணால் மனு அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டாள். இப்படி நாலரை வருஷம்.

மகள் ஷர்லி பிறந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில். மூன்றாம் மாதம் ஆவூரில் ஞானஸ்நானம். பூசை முடிந்து வீட்டுக் கொட்டகையில் எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தோம். ஒரு சொந்தக்காரி பிள்ளையை மடியில் வாங்கி, "ஆத்தா கண்ணு அப்படியே வந்திருக்கு, எவ்ளோ பெருசு" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். பிள்ளையின் இடது கண்ணில் தண்ணீர் வடிந்தது. கொட்டகை ஓட்டை வழியாக விழுந்த வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்வராணி, "திருஷ்டி கழிக்கணும்" என்று எழுந்தார்.

ரீட்டா போய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"திருஷ்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இவளை நாளைக்கே மதுரைக்குக் கொண்டு போகணும். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணுனது எனக்கு. வலது கண்ணு தெரியாது."

செல்வராணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சபையில என்ன பேச்சு" என்று பல்லைக் கடித்தார். ரீட்டா முந்தானையை விடுவித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒங்ககிட்ட மறைச்சுட்டேன். என்னைய என்ன செய்யணும்னாலும் அப்புறம் செய்ங்க. புள்ளைக்கு ஒரு நாளு கூடத் தாமதிக்கக் கூடாது."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பந்தியில் ஐம்பது பேர் பார்க்க, இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். ஏமாற்றிவிட்டார்கள், குடும்பமே சேர்ந்து ஏமாற்றிவிட்டது என்று கத்தினேன். பங்கிராஸ் மாமா தலையைக் குனிந்துகொண்டார். என் அம்மா ஏதாவது சொல்லுவார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டார். ஆனால் நான் நினைத்ததை அல்ல.

"ஏம்மா செல்வராணி, என் மகன்ட்ட மறைச்ச, சரி. டாக்டர்ட்ட எதுக்கும்மா மறைச்ச? நாலு வருஷமா இந்தப் புள்ளை கண்ணை யாரு பாத்தா?"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கையக் கழுவிட்டு வந்து புள்ளையத் தூக்குடா."

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் என் அம்மாவும் பஸ் ஏறினோம். துவரங்குறிச்சி, மேலூர் தாண்டுகிறவரை நான் ரீட்டாவோடு பேசவில்லை. ஷர்லிக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து, அளவுகோல் வைத்துக் கருவிழியை அளந்தார்கள். அழுத்தம் பார்த்தார்கள். பின்பக்க நரம்பைப் பார்த்தார்கள். சரியாக ஒன்றரை மணி நேரம். டாக்டர் அம்மா வெளியே வந்து சொன்னார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணு அளவு, பிரஷர் எல்லாம் நார்மல். கண்ணீர்க்குழாய் லேசா அடைச்சிருக்கு, மூக்கோரம் தடவி விட்டாலே சரியாயிரும். வீட்டுக்காரர் சொந்தம் இல்லங்கிறதால பொதுவா பயமும் கம்மி. இருந்தாலும் வருஷம் ஒரு தடவை கொண்டாங்க."

ரீட்டா அழுதாள். என் அம்மா தோத்திரம் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சு விட்டபோது, அந்த டாக்டர் அம்மா ரீட்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க கண்ணை எப்பம்மா கடைசியாக் காட்டுனீங்க?"

இடது கண்ணில் அழுத்தம் முப்பத்தி நாலு. இருபத்தி ஒன்றைத் தாண்டக் கூடாதாம். பார்வை அகலம் பார்க்கிற மிஷினில் உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை அவள் ஏமாற்றவில்லை, தெரிந்தபோது மட்டும் அமுக்கினாள். நான் பின்னால் நின்று, பொத்தான் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் வராமலே இருக்கும், பிறகு ஒரு சத்தம். தாளில் வந்த படத்தில் மேல் பக்கமும் ஓரமும் கருத்துக் கிடந்தது. குழந்தையில் போட்ட வழி எப்போதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த கண் விரிந்துகொடுக்காது, அதனால் கண் பெரிதாகி யாருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. நரம்பு மட்டும் உள்ளே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"போனது போனதுதான்" என்றார் டாக்டர் அம்மா. "அதைத் திருப்பித் தர யாராலயும் முடியாது. இருக்கிறதக் காப்பாத்தலாம். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா அதுவும் இருந்திருக்காது."

ஒரு விஷயம் எனக்கு அங்கேதான் உறைத்தது. பிள்ளைக்காக அவள் சபையில் வாயைத் திறந்திராவிட்டால், அவள் கண்ணை யாரும் பார்த்திருக்கப்போவதில்லை.

பால் கொடுக்கிறவள் என்பதால் பார்த்துப் பார்த்துச் சொட்டு மருந்து எழுதினார்கள். சொட்டு விட்டதும் மூக்கோரம் கண் முனையை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், மருந்து பாலில் கலந்து பிள்ளைக்குப் போகாமல் இருக்க. இரண்டு மாதம் பார்த்தார்கள். இருபத்தி ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. ஆவணியில் மறுபடி ஆபரேஷன், இந்தத் தடவை கண்ணுக்குள் ஒரு மெல்லிய டியூப் வைத்தார்கள். அந்த டியூப் அரித்து வெளியே வராமல் மூட, யாரோ இறந்தவர் தானமாகக் கொடுத்த கண்ணின் வெள்ளைத் தோலிலிருந்து ஒரு துண்டு வைத்துத் தைத்தார்கள். யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் எல்லாரும் அவரவர் வீட்டார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ரீட்டா ஒன்று கூடுதலாக வாங்கிவந்து, யாருமே வராத ஒரு கல்லறையாகப் பார்த்து ஏற்றுகிறாள். "அவுங்க கிறிஸ்தவங்களா இல்லாமக்கூட இருக்கலாம்" என்றேன். "அதனால என்ன, நான் அவுங்களக் கேட்டா வாங்கினேன்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்த நாட்களில் சொட்டு விடுவது என் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியில் வந்துவிட்டுப் போவேன். ஒரு நாள் அப்படி விட்டுவிட்டு, அவள் கண்ணை மூடி மூக்கோரம் அழுத்திப் பிடித்திருந்தபோது, எனக்குப் பழைய கோபம் கிளம்பிவிட்டது. ஒங்க வீட்டில் இப்படி மறைத்தார்களே, மனுஷ ஜென்மங்களா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்களே என்று பாட ஆரம்பித்தேன். வாரம் ஒரு தடவையாவது பாடுகிற பாட்டுத்தான். எப்போதும் பேசாமல் இருப்பாள். அன்று கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"ஏங்க, தரகர்ட்ட நீங்க ஒண்ணு சொல்லிவிட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"நான் என்னத்தச் சொன்னேன்?"

"கண்ணாடி போட்ட பொண்ணு மட்டும் வேணாம்னு."

நான் சொல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணப் போனேன். அடுப்படியிலிருந்து என் அம்மா, "சொன்னடா. கண்ணாடி போட்ட பொண்ணப் பாத்தா நாலாப்பு டீச்சர் ஞாபகம் வருதுன்னு சொல்லிச் சிரிச்ச. தரகரும் சிரிச்சாரு" என்றார்.

அப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. டீக்கடையில் நின்று, வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அடுத்த நிமிஷம் மறந்திருப்பேன்.

"நீங்க வர்றதுக்கு மொத வாரம் தரகர் வந்து சொல்லிட்டுப் போனாரு" என்றாள் ரீட்டா. விரலை எடுக்கவில்லை, இரண்டு நிமிஷம் ஆகவில்லை போலும். "அம்மா பைலைத் தூக்கி உள்ள வச்சது அன்னைக்குத்தான். அதுவரைக்கும் எல்லார்ட்டயும் சொல்லித்தான் மாப்பிள்ளை பாத்தாங்க. கண்ணாடியே வேணாம்ங்கிறவரு ஆபரேஷனுக்கு என்ன சொல்லுவாருன்னு அம்மா கேட்டாங்க."

"நாலு வருஷமா இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா ஒங்களுக்கு வருத்தமா இருக்கும்னுதான்."

சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கம்பத்தில் ஏறி, பெல்ட்டில் தொங்கியபடி கொஞ்ச நேரம் அழுதேன் என்பதை இங்கே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அடுத்த ஞாயிறு ஆவூருக்குப் போய் செல்வராணி அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "விடுங்க மாப்பிள்ளை, நாந்தான் கெடுத்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பழியைப் பங்குபோட முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மாதம் கழித்து மதுரையில் செக்கப். டாக்டரைப் பார்க்குமுன் ஒரு பயிற்சிப் பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்தாள். ஆபரேஷன் செய்து பல வருஷமானவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். முதல் ஆபரேஷன் எப்போது, கண்ணாடி பவர் என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"நடுவுல நாலரை வருஷம் வரவே இல்லையேக்கா. ஏன்?"

"வீட்டுல வேலை. வர முடியல" என்றாள் ரீட்டா. அந்த ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் அவள் சொல்லிவந்த பதில்.

"அப்படிப் போடாதம்மா" என்றேன் நான். "கண்ணாடி போட்ட பொண்ணு வேணாம்னு வீட்டுக்காரர் சொன்னதால வரலைன்னு போடு."

அந்தப் பெண் என்னையும் ரீட்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"சார், இதுல தூரம், வசதியில்ல, மறந்துட்டாங்க, வேறு காரணம்னு நாலுதான் இருக்கு. நீங்க சொல்றத எழுத எடம் இல்ல சார்."

ரீட்டா என் முழங்கையைக் கிள்ளினாள். அந்தப் பெண் 'வேறு காரணம்' என்பதை அமுக்கிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனாள். இடது கண்ணில் அன்றைக்குப் பதினாலு இருந்தது. இப்போது மூன்று வருஷம் ஓடிவிட்டது, பதினாலும் பதினைந்துமாகத்தான் நிற்கிறது. படத்தில் கருப்பு அதற்குமேல் பரவவில்லை. இந்த டியூப்பும் ஆயுசுக்கு வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் தவணை தப்புவதில்லை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் இன்னமும் வேறு காரணம் என்றுதான் கிடக்கிறது. அந்த வேறு காரணத்தின் பெயர் ஆண்ட்ரூஸ்.